படகு என்ற ஊரில் முப்பது லிட்டர்

வூட்ச் என்றால் படகு.
நகரச் சின்னத்திலும் படகுதான், ஒற்றைத் துடுப்போடு.
கடலோ முந்நூறு கிலோமீட்டர் வடக்கே,
சாம்பல் நிறத்தில், பவளம் அறியாமல்.

நவம்பரில் நான் கடல் செய்ய உட்கார்ந்தேன்.
நான்காம் மாடி, சமையலறை, சன்னலோர மேசை.
குழாய்த் தண்ணீர் வடிகட்டியில் இறங்கி
இரவெல்லாம் சொட்டுச் சொட்டாக முப்பது லிட்டர்.
ஒரு கிலோவுக்குச் சற்று மேலே உப்பு.
கலக்குவதற்குச் சூப்புக் கரண்டி.
அந்தக் கரண்டியை ஹல்ஷ்கா பிறகு தொடவேயில்லை.

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள்.
தண்ணீர் நினைத்ததாகத் தெரியவில்லை,
மூன்று நாள் கலங்கலாகவே முறைத்தது.

கல் வந்தது,
ஈரச் செய்தித்தாளில் சுற்றி, பாபியானிட்சாவிலிருந்து,
நான் ஓட்டாத டிராமில், பயணியான என் மடியில்.
விற்ற இரெனேயுஷ் சொன்னது ஒரே சொல்:
காத்திரு.

ஷிப்ட் முடிந்து வந்து கோட்டைக் கழற்றாமலே
சோதனைக் குழாயில் சொட்டு எண்ணுவேன்.
மஞ்சள் என்றால் யாரும் வரலாம்.
பச்சை என்றால் நஞ்சு.
பச்சை.
பச்சை.
போன வாரத்தைவிடக் கரும்பச்சை.
"மீன் எங்கே?" என்றாள் ஹல்ஷ்கா.
"கல்லுக்குக் குளிருமென்றா ஹீட்டர்?"
கண்ணுக்குத் தெரியாதவர்கள் குடியேறிக்கொண்டிருக்கிறார்கள் என்றேன்.
வாடகை கேள் என்றாள்.

மஞ்சள் வந்த வாரமே மணலில் பழுப்புப் படிந்தது,
துருப்பிடித்த தண்டவாளத்தின் நிறம்.
அதை மேய இரண்டு நத்தைகள் வாங்கினேன்.
நீர்மட்டம் விரலளவு இறங்கும்போதெல்லாம்
உப்புநீரையே ஊற்றி நிரப்பினேன், கெட்டிக்காரன் நான்.
ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும்.
உப்பு வீட்டைவிட்டுப் போவதில்லை.
இதை எனக்குச் சொன்னது
மல்லாந்து கிடந்த ஒரு நத்தை.
பால்கனித் தொட்டியில், உறைந்த மண்ணைக் கத்தியால் கிளறிப் புதைத்தேன்.
பெயர் வைக்காமல் விட்டது நல்லதா,
இன்றுவரை தெரியவில்லை.

பிப்ரவரியில் பவளம்.
சட்டைப் பொத்தான் அளவுத் துண்டில்
இறுக மூடிய ஏழு மொட்டு.
விளக்கை ஏற்றினேன், இறக்கினேன்,
நீரோட்டத்தைத் திருப்பினேன்,
ஏழும் என்னை நம்பவில்லை.

ஒன்பதாம் நாள் கதவு தட்டினார்கள்.
போலீஸ்காரர், இளைஞர், தொப்பியில் பனி.
எதிர்க் கட்டிடத்திலிருந்து புகாராம்:
நான்காம் மாடியில் ஊதா வெளிச்சம்,
நடுராத்திரி வரை என்னவோ வளர்க்கிறார்கள்.
"வளர்க்கிறோம், வாருங்கள்" என்று
விருந்தாளிச் செருப்பை எடுத்துப் போட்டாள் ஹல்ஷ்கா.

குனிந்து பார்த்தார்.
"செடியா?"
இல்லை.
"கல்?"
கல்லின் மேல் உட்கார்ந்திருக்கிறது. விலங்கு.
பேனா நோட்டின் மேல் நின்றுவிட்டது.

அந்த நேரம் பார்த்து
ஏழில் ஒன்று அவிழ்ந்தது.
ஆரஞ்சு வட்டம், ஓரமெல்லாம் பச்சை இமைமயிர்,
நடுவில் கடுகு கிள்ளினாற்போல் வாய்.
மூன்று பேரும் மூச்சு விட்டதில் கண்ணாடி மங்கியது,
ஹல்ஷ்காதான் தன் ஸ்வெட்டர் கையால் துடைத்தாள்.
அவர் இடுப்பில் வானொலி கரகரத்தது,
யாரோ பெயர் சொல்லி இரண்டு முறை அழைத்தார்கள்.
அவர் எடுக்கவில்லை.

நோட்டில் என்ன எழுதினார் என்று நாங்கள் எட்டிப் பார்க்கவில்லை.
வாசலில் ஷூவுக்குக் கயிறு கட்டிக்கொண்டே கேட்டார்,
மற்ற ஆறும் எப்போது என்று.
ஹல்ஷ்கா ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள்.
நான் சமையலறைக்குத் திரும்பி
அரைக் குவளை நல்ல தண்ணீர் ஊற்றினேன்.
காலையிலிருந்து அவ்வளவுதான் குறைந்திருந்தது.