ஙியாவ்

பாடாங் செராய் பழைய பஸ் நிலையத்துக்கு எதிரே
போட்டோஸ்டாட் கடை எனக்கு.
தாளுக்கு இருபது காசு.
நேற்று மூன்று பேர் வந்தார்கள்,
ஒரே பூனையைத் தேடி.

செம்பனை லோரி ஓட்டும் திருமேனி அண்ணனுக்கு
அது சோமு.
கிளினிக்கில் மருந்து எடுத்துத் தரும் ரொஹானி அக்காவுக்கு
ஓரேன்.
ஆ செங் கோப்பிக்கடையில் அதற்குப் பெயரில்லை,
மத்தித் தலை மட்டும் உண்டு.

பாதி வால். இடது காதில் வெட்டு.
கைப்பேசிப் படங்கள் எல்லாவற்றிலும்
சட்டகத்தை விட்டுப் போய்க்கொண்டிருந்தது.
"குரலைப் போடு தங்கச்சி,
இருட்டில் வேறென்ன அடையாளம்?"

மியாவ், என்று அடித்தேன்.

தப்பு, என்றார் ரொஹானி. ஙியாவ்.
ஆ செங் பல்குத்தியை எடுத்துவிட்டுச் சொன்னார்:
நியாவ். எங்கள் பேச்சில் பூனைக்கே அதுதான் பெயர்.
வாயைத் திறந்தால்
தன்னைத்தான் கூப்பிடுகிறது.

ஙி.
கல்யாணப் பத்திரிகை, கோயில் ரசீது,
கருமக்கிரியை அறிவிப்பு,
எட்டு வருஷத்தில் ஒருதரம்கூட
இந்த எழுத்தை நான் அடித்ததில்லை.
ஒன்றாம் வகுப்பில் ங ஙா ஙி ஙீ என்று
கை நோக எழுதினோம்.
ஒரு வரிசை முழுக்க வேலை கிடைக்காதவர்கள்.
ஒருவனைக் கூப்பிட்டு உட்கார வைத்தது
மலாய்க்காரப் பூனை.

பெர்மிட் நகலெடுக்க நின்ற ரஃபிக்குல்
தயங்கித் தயங்கி,
எங்க ஊர்ல ம்யாவ், என்றான்.
ராத்திரி போனில் மகளுக்குச் செய்து காட்டுவானாம்.
செய்தும் காட்டினான்.
பிறகு எல்லாரும் செய்தார்கள்.
பஸ்ஸுக்கு நின்ற பள்ளிப் பிள்ளைகள் திரும்பிப் பார்க்க,
வளர்ந்த நாலு பேர்
என் கடையில் நின்று கத்தினார்கள்,
ஆளுக்கொரு எழுத்துப்பிழையோடு.

நாலையும் போட்டு முப்பது நகல்.
காசு வாங்கவில்லை. சரி, பாதி வாங்கினேன்.

ஒன்பதரைக்கு இரும்புக் கதவை இழுத்தபோது
கால்வாய்ப் பலகைக்கு அடியில் ஏதோ சத்தம்.
ம இல்லை. ங இல்லை.
எண்ணெய் காணாத கீலுக்கும்
பசித்த கைக்குழந்தைக்கும் இடையில் ஏதோ ஒன்று.
எதைச் சொல்லி அழைப்பதென்று தெரியாமல்
கையில் மிஞ்சிய நோட்டீஸோடு குந்தி உட்கார்ந்தேன்.

வந்தது.
காது வெட்டு, பாதி வால்.
என்னைப் பார்த்து
வாயை அகலத் திறந்தது.
சத்தமே வரவில்லை.

காலையில் மூவரிடமும் சொல்ல வேண்டும்.
இப்போது
மத்தி டின்னுக்குத் திறப்பான் தேடுகிறேன்.