ஆறு நொடி பழைய ஆசை

வாசலிலேயே எல்லா இரும்பையும் வாங்கிக்கொண்டார்கள்:
சாவிக்கொத்து, இடுப்பு வார், காதுவளையம்,
டிராம் கம்பெனிப் பொத்தான்கள் தைத்த மேல்சட்டை.
லைட்டரை மட்டும் யானிக் தனியாக
ஒரு காகிதக் கோப்பையில் போட்டு
என் பெயர் எழுதி வைத்தான்.
இருபத்தேழு வருடப் புகைக்குக்
கிடைத்த முதல் மரியாதை.

பிறகு அந்தக் குழாய்.
தலையைக் கூண்டில் பூட்டி உள்ளே தள்ளினார்கள்.
வெளியே மாக்டெபர்க்கின் பிப்ரவரி
எல்பே ஆற்றில் பனித்தட்டுகளை உரசிக்கொண்டிருக்க,
உள்ளே யாரோ தகரத்தில் ஆணியால் தட்டித் தட்டி
என் மண்டைக்குள் இடம் தேடினார்கள்.

திரையில் படங்கள்:
காப்பிக் கோப்பை ஓரம் சாம்பல் கிண்ணம்.
மழையில் குவித்த கை, நடுவில் தீக்குச்சி.
முதல் இழுப்பில் கன்னம் ஒட்டிய ஒரு பெண்.
அவள் முகத்தை நான் பார்க்கவில்லை,
அந்தக் கன்னத்துப் பள்ளத்தைத்தான் பார்த்தேன்.
பக்கத்தில் வெப்பமானி போல ஒரு சிவப்புக் கோடு.
"இது உங்கள் ஆசை, ஃப்ராவ் ஏகெலிங்.
இறக்கிப் பாருங்கள்" என்றான் யானிக், காதுக்குள்.

எப்படி என்று சொல்லவில்லை.
அவர்களுக்கும் தெரியாதாம்.

திட்டினேன்; ஏறியது.
அட்டையில் அச்சடித்த கறுத்த நுரையீரலை நினைத்தேன்; ஏறியது.
செத்துப்போன ஹோல்கர் அண்ணனை நினைத்தேன்;
துளி இறங்கி, மறுபடி ஏறியது.
அவனை அடக்கிய அன்றும் கல்லறை வாசலில் நின்று
நாங்கள் எல்லோரும் புகைத்தோம்.

கோடு காட்டுவது ஆறு நொடி பழைய ஆசையை,
ரத்தம் வந்து சேர அவ்வளவு நேரமாகும் என்றார்கள்.
அது எனக்குப் புரியும்.
டிராமும் பிரேக் போட்ட இடத்தில் நிற்பதில்லை.
ஈர இலை அப்பிய தண்டவாளத்தில்
சக்கரத்துக்கு முன்னால் மணலைக் கொட்டுவோம்.
மூன்றாம் நாள், படம் வந்ததும்,
அந்த மணலை நினைத்தேன்.
சர்ரென்று விழும் சத்தம், காலடியில் நறநறப்பு.
ஆசை ஓடிக்கொண்டுதான் இருந்தது,
கொஞ்சம் கொஞ்சமாகப் பிடிபட்டது.
கோடு சரிந்தது.
யானிக் மைக்கில் விசிலடித்தான்.

ஐந்தாம் நாள் மட்டும்
எதற்கும் அடங்காமல் உச்சியிலேயே நின்றது.
மணல், மணல், மணல்.
அன்று இரவு பணிமனைக் கழிப்பறைக் கண்ணாடியில்
என்னையே கேவலமாகப் பார்த்துக்கொண்டேன்.
புகைக்கவில்லை. ஆனாலும்.

ஜூனில் கடிதம் வந்தது.
பண்பான கடிதம். ஆய்வு முடிந்தது, நன்றி.
நான் ஒப்பீட்டுக் குழுவில் இருந்தேனாம்.
திரையில் கண்டது என் மூளை அல்ல;
முன்பே பதிவு செய்த, வேறொரு பங்கேற்பாளருடையது.
பெயர் சொல்ல விதி இடம் தராது.

சமையலறை மேசையில் இரண்டு முறை படித்தேன்.
நூற்றுப் பதினோரு நாளாக
ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்திருக்கிறேன்.

சிரிப்பு வந்தது. அப்புறம் கோபம்.
அப்புறம், வெட்கமே இல்லாமல், ஒரு சிகரெட்டின் நினைவு.
லைட்டர் இன்னும் அந்தக் கோப்பையில்தான், அலமாரி மேல்.
மணலைக் கூப்பிடலாமா?
அது யாருடைய மணல்?
கேட்டுக்கொண்டே இருந்ததில்
தேநீர் ஆறிப்போனது, நினைவும்.

இப்போது காலை ஐந்து மணி டிராமில்
உள்கண்ணாடியில் முகங்களைப் பார்க்கிறேன்.
மாவு படிந்த முழங்கையோடு ரொட்டிக் கடைக்காரி,
இரவுப் பணி முடித்த நர்ஸ்,
காதில் பென்சில் செருகி மறந்த ஒருவர்.
இவர்களில் யாராகவும் இருக்கலாம்,
யாருமே இல்லாமலும் இருக்கலாம்.
கேட்க வேண்டியது ஒன்றுதான்:
அந்த ஐந்தாம் நாள்
உங்களுக்கு என்ன ஆயிற்று?

முன்னால் சிவப்பு விளக்கு.
தேவைக்கு முன்பே மணல் பொத்தானை அழுத்துகிறேன்.
தண்டவாளம் காய்ந்துதான் கிடக்கிறது.