கழுத்து நீண்ட சிப்பி

கல்லுச்சிப்பி எடுக்க முங்கினவர்
வலைப்பையின் அடியில் இதையும் கொண்டுவந்தார்.
சோற்றுத்தட்டு அகலம்.
மூட முடியாத வாயிலிருந்து
ஒரு முழம் கழுத்து வெளியே கிடந்தது.

கடியபட்டணம் கரையில்
எதற்கும் விலை கூறுகிற பிலோமி
இதற்குக் கூறாமல் சிரித்துவிட்டாள்.
மற்றப் பெண்கள் சொன்னதை
நான் எழுத மாட்டேன்.
விழிஞ்ஞத்து வியாபாரி பார்த்தார்,
தொட்டார், கையை முண்டில் துடைத்துக்கொண்டு
வண்டியை எடுத்தார்.

கொரியாக் கப்பலில் சமையலுக்கு நின்ற ரெக்சன்
ஓடிவந்தான்.
"எக்கா, அங்க இத தங்கம் மாதிரி நிறுப்பாவ.
பச்சையா, கண்ணாடி கனத்துல சீவி
ஐஸ் மேல அடுக்கி வைப்பாவ."
எங்களுக்கு ஐஸ் மீன்பெட்டிக்குத்தான்.
நான் மரச்சீனி அவிக்கப் போட்டேன்.

வெந்நீரில் முக்கியதும்
கழுத்துத் தோல் காலுறைபோல உரிந்து வந்தது.
உள்ளே தேங்காய்ப் பத்தையின் வெள்ளை.
நல்லமிளகு, சின்ன உள்ளி, வறுத்த தேங்காய்,
கொடம்புளி இரண்டு சுளை.
ரெக்சன் தலையில் அடித்துக்கொண்டான்:
"கெடுத்துட்டியளே."

கெட்டுத்தான் போயிருந்தது.
செருப்பு வாரைத் தின்பதுபோல
மூன்று பேரும் கன்னம் வலிக்க மென்றோம்.
சாறு மட்டும், அதைச் சொல்ல வேண்டும்,
புளியையும் மிளகையும் தாண்டி
எங்கிருந்தோ இனித்தது.

"மணலுக்குள்ள பொதைஞ்சி கெடக்கும்.
கழுத்த மட்டும் மேல நீட்டி
கடல உறிஞ்சும், துப்பும்.
வேற சோலி கெடயாது" என்றான் ரெக்சன்.
"முதுகுல பாருங்க, வரிக்கு ஒரு வருசம்."

ஓட்டைக் கழுவிக்கொண்டே எண்ணினேன்.
முப்பத்தொன்று.
ஈரக் கையோடு உட்கார்ந்து
விளிம்பிலிருந்து பின்னுக்கு
மறுபடியும் எண்ணினேன்,
ஒக்கி வருசம் வரைக்கும்.

அந்தக் கார்த்திகையில்
என் தம்பி தனிஸ்லாஸ் போன வள்ளத்தில்
ஒரு பலகைகூடக் கரை சேரவில்லை.
பெட்டியில் அவன் சட்டையை வைத்துத்தான்
குழி மூடினோம்.

நகத்தால் தடவிப் பார்த்தேன்.
மற்ற வரிகளைப்போலத்தான் இருந்தது.
முந்தினதைவிடக் கொஞ்சம்
அகலம்கூட.

"சாறு மிச்சம் உண்டுமா?"
உள்ளேயிருந்து இவர் கேட்டார்.

உண்டு.
அவருக்கு ஊற்றினேன்.
பிறகு சட்டியைச் சாய்த்து
அடியில் கிடந்ததை வழித்து
எனக்கும்.