காலிப் புதன்

லாபிஸ் ஆலை எடைமேடையில்
இரவு வேலை எனக்கும் கோகிலவாணிக்கும்.
செம்பனை லோரி வராத நேரத்தில்
ஆளுக்கொரு கைப்பேசி,
ஒரே பதற்றப் பாடம்.

என்னுடையது இலவசம். பின்னால் ஆள் இல்லை.
பயத்தை எழுது என்றது. எழுதினேன்.
பச்சைச் சரிக்குறி.
மூன்றாம் வாரம் பொய் எழுதினேன்.
அதற்கும் பச்சை.

அவளுக்கு ஈப்போவிலிருந்து ஓர் ஆலோசகர்
வியாழன்தோறும் எழுதுவார்:
“புதன்கிழமையை ஏன் காலியாக விட்டீர்கள்?”
“மானம் போகுது” என்பாள்,
கட்டைவிரல் அதற்குள்
பதிலைத் தட்டிக்கொண்டிருக்கும்.

நேற்று மழை.
தகரக் கூரையைவிடச் சத்தமாய் என் நெஞ்சு.
“அந்தக் கேள்வியை என்னிடம் கேளேன்.”
“எதை?”
“புதன்கிழமையை.”

கேட்டாள்.

மேடையேறிய லோரி
இரண்டு தரம் ஹோன் அடித்தது.
முப்பத்திரண்டு டன் நின்றுகொண்டிருந்தது,
நான் இன்னும் செவ்வாய் இரவிலேயே இருந்தேன்.