ஏழு கூடை

தொண்ணூற்று ஒன்று, மார்கழி.
திருப்பாலைக்குடி மீனவர் சங்க அறையில்
ரேடியோ சொன்னது: கொடி இறங்கிவிட்டது.
இபுராம்சா தோழர் டீயைத் தொடவில்லை.
"வெளியிலேர்ந்து கெடுத்துட்டானுக" என்றார்,
ஆடை படிந்த தம்ளரிடம்.

நான் கணக்கெழுதுகிறவன்.
ஐப்பசியில் கரையேறியது நாற்பது கூடை நெத்திலி.
எழுதியது நூற்றுப் பத்து.
கடன் தவணைக்கு அந்த எண் வேண்டியிருந்தது.
தணிக்கைக்கு வந்தவர்
கருவாட்டுப் பொட்டலத்தோடு பஸ் ஏறினார்.
பொதுக்குழுவில் எல்லாக் கையும் உயர்ந்தது,
என்னுடையது முதலில்.

முத்துராக்கு மட்டும் எழுந்து கேட்டாள்:
"நூத்திப் பத்துக்கு என் பங்கு எங்க?"
பேரை நீக்கினோம்.
தீர்மானம், ஏகமனதாக.

அந்தப் பெரிய தேசத்திலும்
என்னைப்போல் ஒருவன் இருந்திருப்பான்,
கையுறை மாட்டிய விரல்களால்
விளையாத கோதுமையைக் கூட்டிக்கொண்டு.
அவனுக்கு மேலே, அந்தக் கூட்டலை நம்பி
ரொட்டி பங்கிட்ட ஒருவன்.
கடை வரிசையில் கடைசியாக நின்றவளுக்குத்தான்
சரியான தொகை தெரிந்திருக்கும்.

தோழரிடம் சொல்ல வாயெடுத்தேன்.
அவர் துண்டை நனைத்து
சுவர்ப்படத்தின் கண்ணாடியில்
உப்புப் பூத்ததைத் துடைத்துக்கொண்டிருந்தார்.
கொண்டல் காற்று. நாளைக்கும் பூக்கும்.

பதிவேட்டைத் திறந்தேன்.
இன்று வந்தது ஏழு கூடை.
ஏழு என்றே போட்டேன்.
அதன் வலப்பக்கம்
இடம் இருந்தது.