இரண்டேமுக்கால் கிலோ

ஜீப்பில் வைத்தே எல்லாம் முடிவாகிவிட்டது.
விடியுமுன் குமுளி ஏறி
அணக்கரையில் ஏலக்காய் எடுக்கப் போகும்
பதினாலு பெண்கள்
கொண்டை ஊசி வளைவுகளில்
ஒருத்தி தோளில் ஒருத்தி சரிந்தபடி
என் வீட்டைப் பங்கு போட்டிருக்கிறார்கள்.

திங்கள், தவமணி: சோறும் பூண்டுக் குழம்பும்.
செவ்வாய், ஒச்சம்மா: தண்ணீர், எட்டுக் குடம்.
குழாய் வராவிட்டால் அவள் மகன் சைக்கிளில்.
பிள்ளை குளிப்பாட்ட ரோசாப்பூ,
மூன்று பெற்றவள், ஒன்றை இழந்தவள்,
கை நடுங்காது.
சீட்டுப் பணம் இந்த மாதம் ஏலம் விடாமல்
ஜெயக்கொடிக்கு.
இது என் தடவை என்று முரண்டு பிடித்த வீருசின்னம்மாளை
செக்போஸ்ட் தாண்டுவதற்குள் சம்மதிக்க வைத்தார்களாம்.

எலக்சன் நோட்டீசின் பின்பக்கம் எழுதிய
அந்தப் பட்டியலை
மூன்று தடவை படித்தேன்.
என் பெயர் இல்லை.

சாயங்காலம் ஜீப் வந்து நின்றதும்
"எனக்கு என்ன வேலை?" என்றேன்.
ஜீப்பே சிரித்தது.
கியரில் கை வைத்திருந்த கருத்தபாண்டியும் சிரித்தான்.
அவன் பேர்கூட இருக்கிறது அதில்:
ராத்திரி எந்நேரமும், கம்பம் பெரியாஸ்பத்திரி,
வாடகை கிடையாது.

ஐப்பசி. துணி காயாத மாதம்.
தோட்டத்தில் பந்தல் மாற்றி மிஞ்சிய கம்பியை
முதலாளியிடம் சொல்லிவிட்டுத்தான் எடுத்து வந்தேன்.
அடுப்புக்கு மேலே, எட்டாத உயரத்தில், மூன்று வரிசை.
திராட்சைக்குக் கட்டுகிற மாதிரியே
முறுக்கி இழுத்து
விரலால் தட்டினால் ஒரு சத்தம் வரும்.
அது வந்தால் போதும், தொய்யாது.
குமுளியில் வாங்கிய தோர்த்து பன்னிரண்டு,
நனைத்துப் போட்டுப் பார்த்தேன்.
ஒரு ராத்திரியில் ஒன்பது காய்ந்தது.

"பன்னெண்டு பத்தாது" என்றாள் ஜெயக்கொடி,
கால் வீங்கி, சுவரோரம் உட்கார்ந்து.
என் பழைய வேட்டியைக் கிழித்தோம்.
கிழிந்த சத்தத்துக்கு
வயிற்றுக்குள் ஒரு துள்ளல்.
"கேக்குதாம்" என்றாள்.
மீதி வேட்டியை மெதுவாகக் கிழித்தோம்.

எங்கள் இரண்டு பக்கத்திலும் ஆள் இல்லை.
அவள் அம்மா போன வருடம் போய்ச் சேர்ந்தாள்.
என் வீட்டார் கல்யாணத்தோடு பேச்சை நிறுத்தியவர்கள்.
வருத்தத்துக்குச் சொல்லவில்லை,
கணக்குக்குச் சொல்கிறேன்:
பதினாலு பேருக்கும் விடியலில் ஜீப்.
ராத்திரிக்கு ஒரு ஆள் வேண்டும்.

நேற்று, தோட்டத்துத் தராசில்
யாருமில்லாத நேரம் பார்த்து
இரண்டேமுக்கால் கிலோ பன்னீர் திராட்சை நிறுத்தேன்.
ஸ்கேனைப் பார்த்து நர்சம்மா சொன்ன எடை.
துண்டில் சுற்றி
இடது முழங்கை வளைவில் ஏந்தி
பந்தலுக்கு அடியில் இருபது நிமிடம் நடந்தேன்.
வலது கையால் தண்ணீர் குடித்தேன்,
செருப்பு மாட்டினேன், போன் எடுத்துப் பேசினேன்,
ஒரு தும்மலும் வந்தது.
நழுவவில்லை.

பதினோரு வருடமாய்
பழத்தின் மேல்மாவு கலையாமல் குலை பறிப்பவன் நான்.
காம்பைப் பிடிக்க வேண்டும், பழத்தில் விரல் படக்கூடாது.
பிள்ளைக்குக் காம்பு எங்கே?
பிரித்துப் பார்த்தால்
துண்டெல்லாம் கறை,
அடியில் ஏழெட்டு நசுங்கிக் கிடந்தன.
அவற்றை நானே தின்றேன்.
யாரிடமும் சொல்லவில்லை.

ஒச்சம்மாவிடம் மட்டும் சுற்றி வளைத்துக் கேட்டேன்.
"தலைய ஏந்து, கழுத்த விட்றாத.
மத்தத அது பாத்துக்கிரும்" என்றவள்
என் துண்டைப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை.
பட்டியலை வாங்கி,
அடியில், வேட்பாளரின் சின்னம் மறுபக்கம் தெரியும் இடத்தில்,
"ராத்திரி: மொக்கராசு" என்று எழுதிக் கொடுத்தாள்.

மூன்று மணிக்கு அலாரம் வைத்து எழுந்தேன், சும்மா,
எழ முடிகிறதா என்று பார்க்க.
ஜெயக்கொடி புரண்டு படுத்தாள்.
இருட்டில் கம்பி நெடுகத் தடவிக்கொண்டே போனேன்.
தோர்த்தில் பதினொன்று காய்ந்திருந்தது.
ஒன்று மட்டும், ஓரத்தில், இன்னும் ஈரம்.