தேய்பிறை அட்டைகள்

ஆண்டர்சன் தெருவில் எடைக்கு வாங்கினேன்,
பூவராகனுக்கும் நித்யகல்யாணிக்கும் நடக்கவிருந்த,
அல்லது வேறு அட்டையில் நடந்தே முடிந்துவிட்ட
கல்யாணத்தின் பத்திரிகைகளை.
வளர்பிறை என்று இருக்க வேண்டிய இடத்தில்
தேய்பிறை என்று அச்சாகிப் போனதாம்.
கட்டைப் பிரித்த கையோடு திருப்பிவிட்டார்கள் பெண்வீட்டார்.
"கெட்டி அட்டைம்மா, பின்பக்கம் சுத்த வெள்ளை.
பரீட்சைக்குப் பிறை எதுக்கு?" என்றார் கடைக்காரர்.

இரண்டிரண்டாய் வெட்டினேன்.
மேல்பாதிக்குப் பிள்ளையாரும் பெயர்களும்,
கீழ்ப்பாதிக்குத் திதியும் மண்டபமும்.
ஓரத்து இடைவெளியில் மருந்தின் பெயர்.
புரட்டினால்
அது செய்யும் நல்லது நாலு வரி,
கெட்டது எட்டு வரி.
வின்கிறிஸ்டின் அட்டையில் மட்டும்
மணப்பெண்ணை அடிக்கோடிட்டேன்.
அந்த மருந்து வருவதே நித்யகல்யாணிச் செடியிலிருந்து.

மொத்தம் முந்நூற்றுப் பன்னிரண்டு.
எல்லாம் தெரியும் என்றிருந்தேன்.
ஃபர்ஸானாதான் கண்டுபிடித்தாள்:
"நீ மருந்தப் பாத்துச் சொல்லல,
கறையப் பாத்துச் சொல்ற."
உண்மை. குழம்புக் கறை என்றால் டிகாக்சின்.
முனை மடங்கியிருந்தால் அட்ரோபின்.
அவள் தாளில் எழுதிக் கேட்டபோது
இரண்டுமே வாயில் வரவில்லை.

காலை ஆறு ஐம்பது பீச் வண்டி, பெண்கள் பெட்டி.
ஊரப்பாக்கத்தில் ஏறி பார்க்கில் இறங்கும்வரை படிப்பு.
சானடோரியம் வரும்போது காசநோய் மருந்துகள்.
திட்டமிடவில்லை, தானாய் அமைந்தது.
ரிஃபாம்பிசின், சிறுநீர் ஆரஞ்சாகும்.
எத்தாம்பியூட்டால், சிவப்பும் பச்சையும் பிரியாது,
என்று முணுமுணுக்கையில்
சிக்னலுக்காக நின்றது வண்டி.

கிண்டி தாண்டி ரப்பர் பேண்ட் அறுந்தது.
பூக்கூடைக்கடியில், டிபன் பைகளுக்கிடையில்,
யாரோ ஒருத்தியின் செருப்பின் மேல்
மருந்துகள்.
பெட்டியே குனிந்து பொறுக்கியது.
"ஏம்மா, ட்ரெய்ன்லயே பத்திரிக வெக்கிறியா?"
சிரிப்பு. நானும் சிரித்தேன்.
எதிர் இருக்கைக்காரம்மா மட்டும்
கையில் கிடைத்ததை நிதானமாகப் படித்தார்.
நீலச் சீருடை, பெயர்ப்பட்டையில் சகாயமேரி.
"தேய்பிறைலயா வெச்சிருக்காங்க?
எங்களுக்குப் பிறையெல்லாம் கிடையாது,
இருந்தாலும் இது தப்புதானே?"
சொல்லி முடிப்பதற்குள் இருமல்.

சளி இல்லாத இருமல்.
வெறும் தகரத்தைத் தட்டுவதுபோல.
மாம்பலம் வரை எண்ணினேன், பதினொன்று.
வகுப்பில் கேட்டிருந்தால் கை தூக்கியிருப்பேன்.
இங்கே எப்படிக் கேட்பது?
"பிரஷருக்கு மாத்திரை சாப்பிடுறீங்களாக்கா?"
பையிலிருந்து எடுத்தார்,
கத்தரித்துக் கத்தரித்துத் தேய்ந்த பட்டை.
பெயரின் வால் மட்டும் மிச்சம்:
'ப்ரில்'.

வாலைப் பிடித்துக் குடும்பம் சொல்வதுதானே
இரண்டு மாதமாய் என் வேலை.
"நீங்களா நிறுத்திடாதீங்க.
டாக்டர்ட்ட இருமலப் பத்திச் சொல்லுங்க."
"சொல்லாமயா? சொன்னா சிரப்பு எழுதுறாங்க.
இதோட நாலு பாட்டில்.
ராத்திரி எந்திரிச்சு உக்காந்துக்குவேன்,
பக்கத்துல தூங்குற பிள்ளைக்குக் காலைல ஸ்கூலு."
என் அட்டையில் இருந்தது
'வறட்டு இருமல்' மட்டும்.
தேடினேன். அவர் கையிலேயே இருந்தது எனலாப்ரில்.
"இதையே காட்டுங்க. பின்பக்கம்."
முன்பக்கம் மண்டபம், நேரம், அனைவரும் வருக.
நுங்கம்பாக்கத்தில் இறங்கிப் போனார்.

வாய்மொழித் தேர்வில் எனலாப்ரில் வரவில்லை.
டிகாக்சின் கேட்டார்கள்.
குழம்புக் கறை கண்ணில் தெரிந்தது,
பிறகு பார்வை மஞ்சளாகும் என்ற வரி,
பிறகு பேராசிரியரின் தலையாட்டல்.
எதற்கு ஆட்டினார் என்று தெரியாது.

இப்போது முந்நூற்றுப் பதினொன்று.
புதிதாய் ஒன்று எழுதிக்கொள்ளவில்லை.
தினமும் மாம்பலம் வந்ததும்
நீலச் சீருடையைத் தேடுகிறேன்.
இருமல் கேட்பதில்லை.
மாத்திரையை மாற்றினார்களா,
வேலையை மாற்றிக்கொண்டாரா,
முன்பெட்டியில் போகிறாரா.
புரட்டிப் பார்க்கலாம் என்றால்
அந்த அட்டை என்னிடம் இல்லை.